காணாத ஆமை செத்த ஆமையா?

நாற்காலியில் நடுநாயகமாய் வீற்றிருந்து, நான் எப்போது முடிப்பேன் என்று இப்போதே கடிகாரம் பார்க்கும் நகரமன்றத் தலைவர் அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் முதியோர்களே, பிள்ளைகளைத் தேடித் தேடியே பார்வை கூர்மையான தாய்மார்களே, கதவோரம் தப்பியோடத் தயாராய் நிற்கும் என் தோழர்களே, வணக்கம்.

மருத்துவமனைக்குப் பின்னால் இருக்கும் குளத்தை மூடி வண்டி நிறுத்துமிடம் ஆக்கலாமா? இன்று இந்த மன்றம் முடிவெடுக்கும். மூடலாம் என்கிறது பொறியாளர் அறிக்கை. ஏன்? ஆமைகள் பெரும்பாலும் செத்துவிட்டனவாம். அறிக்கை எழுதியவர் என் சித்தப்பா. ஆமை ஓட்டில் எண் எழுதி, ஆண்டுக்கணக்கில் கரையில் காத்திருந்து, கண்டதைக் குறித்தவள் என் அக்கா, கல்லூரியில் புள்ளியியல் நடத்துபவள். அவளுக்குத் தொண்டை கட்டிவிட்டது. ஆகவே வாய் மட்டும் வாடகைக்கு வந்திருக்கிறேன்.

சித்தப்பாவின் கணக்கு எளிது. எண் போட்ட ஆமை மறு ஆண்டு கண்ணில் பட்டதா? உயிரோடு இருக்கிறது. படவில்லையா? போய்ச் சேர்ந்துவிட்டது. எமனுக்கே வாய்க்காத எளிமை.

ஆனால் அக்கா கரைக்குப் போனது எப்போது? வெயில் அடித்தால் போவாள். விடைத்தாள் குவிந்தால் போகமாட்டாள். மழைக்காலம் முழுக்கக் கால் உடைந்து கட்டிலில் கிடந்தாள். அவள் காலில் கட்டுப் போட்டதற்கு ஆமை ஏன் சாக வேண்டும்?

இன்று காலை அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் பார்த்திருப்பீர்கள். “சென்ற சில கூட்டங்களில் காணப்படாத பொறியாளர் காலமானார். ஆழ்ந்த இரங்கல்.” சிரிக்காதீர்கள் ஐயா, துக்கச் செய்தி. சித்தப்பா அதைக் கிழித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

“எவன்டா இதை ஒட்டினது? குத்துக்கல்லாட்டம் நிக்கிறேன், கண்ணு தெரியலையா?”

“கூட்டத்துல காணோமே சித்தப்பா. உங்க கணக்குப்படி...” என்று ஒட்டிய நானே இழுத்தேன்.

“வேலை விஷயமா வெளிய போயிருந்தேன்டா. போன கூட்டத்துல பின்வரிசையில தூங்கிட்டேன். யாரும் பார்க்கலைன்னா செத்துட்டேன்னு ஆயிடுமா?”

“ஆமைக்கும் அதே நியாயம்தான் சித்தப்பா,” என்றாள் அக்கா, கம்மிய குரலில்.

சித்தப்பா தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். சித்திக்கு மட்டும் வருத்தம். “ஒட்டினதுதான் ஒட்டினே, ஒரு நல்ல போட்டோவா போட்டிருக்கக் கூடாதா?”

பெரியோர்களே, பிழைத்திருப்பது வேறு, கண்ணில் படுவது வேறு. இரண்டையும் பிரித்தளக்கும் கணக்குமுறை வேண்டும். ஒரு பார்வைக்கும் அடுத்த பார்வைக்கும் நடுவே ஒரு வாரமா, ஒரு பருவமா என்று அது கேட்க வேண்டும். போகாத காலத்தைப் போகாத காலம் என்றே எழுத வேண்டும். சரி, பிழைக்கும் வாய்ப்பை மாதத்துக்கொன்று, ஆமைக்கொன்று என்று தனித்தனியாய் அடுக்கினால்? அதையும் அக்கா செய்து பார்த்தாள். கையிலிருந்த குறிப்புகள் போதாமல், கைக்குட்டைத் துணியில் கால்சட்டை தைத்த கதையாயிற்று. பூஜ்யமும் விடை, நூறும் விடை. ஆகவே இறுக்கமும் வேண்டாம், தொளதொளப்பும் வேண்டாம் என்று பெரிய ஆமைக்கு ஒரு பிழைக்கும் வாய்ப்பு, குட்டிக்கு ஒன்று, வெயிலுக்கும் மழைக்கும் தனித்தனிப் பார்வை வாய்ப்பு என அளவெடுத்தாள்.

“விடையைச் சொல்லுப்பா” என்கிறார் பின்வரிசை அண்ணன். சொல்கிறேன் அண்ணே. பெரிய ஆமைகள் பத்தில் எட்டோ ஒன்பதோ மறு ஆண்டும் உயிரோடு இருக்கின்றன. குட்டிகள்? “தெரியலைன்னே சொல்லு. மேடை கிடைச்சுதுன்னு அடிச்சு விடாத,” என்பது அக்கா ஆணை. எனவே சொல்கிறேன், தெரியவில்லை. தெரியாததால்தான் கேட்கிறேன், ஓராண்டு பொறுங்கள். வெயிலோ மழையோ, வாரந்தோறும் முறைபோட்டுப் பார்க்க ஆள் தருகிறோம். கதவோரத் தோழர்களே, நழுவாதீர்கள், உங்கள் பெயர்களைக் கொடுத்தாயிற்று.

காணவில்லை என்று தேடியவர் சொன்னால் அது சேதி. தேடாதவர் சொன்னால் அது சாக்கு. நாம் சாக்குச் சொல்லும் ஊரா, தேடிப் பார்க்கும் ஊரா?

தேடிப் பார்ப்போம் என்பவர்கள் கை தூக்குங்கள். அதோ, முதல் கை. காலையில் காலமான என் சித்தப்பாவின் கை. தலைவர் அவர்களே, குறித்துக்கொள்ளுங்கள்: பொறியாளர் மீண்டும் காணப்பட்டார், உயிரோடு.

செவி தந்த உங்களுக்கும், செவியே வெளியில் தெரியாத அந்த ஆமைகளுக்கும் நன்றி கூறி, கைகூப்பி இறங்குகிறேன். வணக்கம்.