ஒன்பது பெருவிரல்கள்

இன்னும் கொஞ்சம் கிட்டே வந்து உட்கார், கண்ணு. ஃபேன் சத்தத்தில் என் குரல் அமுங்கிப்போகிறது. மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்ட குரல் இது. வேதாரண்யத்திலிருந்து பஸ் ஏறி, திருவாரூரில் மாறி வந்திருக்கிறாய். முதலில் அந்த மோரைக் குடி. நீ கேட்டு வந்த கதையை ஒன்றும் மறைக்காமல் சொல்கிறேன். பையிலிருந்து எடுத்த காகிதம் பக்கத்தில் அப்படியே இருக்கட்டும். அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

நாடகத்துக்கு ஆள் எடுக்கும்போது முகத்தைப் பார்க்கக் கூடாது. முகம் ஏமாற்றும். நான் முதுகைக் காட்டிக்கொண்டுதான் உட்காருவேன். வந்தவன் பேசுவான். குரலில் ஆள் இருந்தால் திரும்புவேன். இல்லாவிட்டால் திரும்பாமலே, "போய்ட்டு வாப்பா" என்று சொல்லிவிடுவேன். பள்ளிக்கூடம் போகாதவள் நான். நாடக நோட்டீஸைப் பார்த்துப் பார்த்து எழுத்துக் கூட்டினவள். ஆனால் குரலைப் படிக்க எனக்கு ஒருவரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

எழுபதாம் வருஷம், வைகாசி. மேட்டூர்த் தண்ணீர் இன்னும் வரவில்லை. வயலெல்லாம் வெடித்துக் கிடந்தது, ஜனங்களுக்கு வேலை இல்லை. ஆட்சி மாறி மூன்று வருஷம் ஆகியிருந்தது. மேடையில் பேசினவர்கள் கோட்டையில் உட்கார்ந்திருந்தார்கள். அதனால் டீக்கடையில் கிளாஸ் கழுவுகிறவன்கூட அடுக்குமொழியில்தான் தண்ணீர் கேட்பான். ஒரு பார்ட்டு கிடைக்காதா என்று ஏங்காத ஆம்பிளையை இந்தப் பக்கத்தில் நான் பார்க்கவில்லை.

அப்போதுதான் ஒரு சட்டமும் வந்திருந்தது. குத்தகைக்கு உழுகிறவன் பேரைச் சர்க்கார் புத்தகத்தில் ஏற்ற வேண்டும். ஏறிவிட்டால் மிராசுதார் அவனை நினைத்த மாத்திரத்தில் விரட்ட முடியாது. எங்கள் மிராசுதார் பஞ்சநதம் நிலத்தில் அப்படி ஒன்பது பேர் உழுதுகொண்டிருந்தார்கள்.

அவர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். அரிசி ஆலைக்குப் பக்கத்தில் தன் கொட்டகை சும்மா கிடக்கிறது, தை அறுவடை முடிந்ததும் என் சபா அதில் வரிசையாக ஐந்து நாடகம் போட்டுக்கொள்ளட்டும் என்றார். இரண்டு வருஷமாக மேடையே இல்லாமல் இருந்தவளிடம் சொன்னார். பதிலுக்கு ஒன்று வேண்டும் என்றார்.

"ஒம்பது பேரும் கைநாட்டு, ஆனந்தவல்லி. குத்தகைய விட்டுக்கொடுத்துட்டேன்னு ஒரு ரேகை வச்சாப் போதும். நான் கூப்பிட்டா ஒருத்தனும் வர மாட்டான். நீ கூப்பிட்டா ஓடி வருவான்."

வெற்றிலை மடிக்கிற நேரம்தான் யோசித்தேன். எப்படி என்று அவர் சொல்லவில்லை. அந்த வழி என்னுடையது. இதைச் சரியாகக் கேட்டுக்கொள். அவர் சொல்லித்தந்து நான் செய்தேன் என்று பின்னால் யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

ஒரு குடியானவன் கதை எழுதினேன். முதல் காட்சியில் மிராசுதார் மிரட்டுகிறார், குடியானவன் பத்திரத்தில் கைநாட்டு வைத்து நிலத்தை விடுகிறான். கடைசிக் காட்சியில் பத்திரத்தைக் கிழித்து நிலத்தைத் திரும்ப வாங்குகிறான். முதல் காட்சியை நன்றாக நடித்துக் காட்டுகிறவனுக்குக் கதாநாயகன் பார்ட்டு என்று தண்டோரா போடச் சொன்னேன். நாற்பது பேர் வந்தார்கள். ஒன்பது பேரும் அதில் இருந்தார்கள்.

"சொந்தப் பேரையே சொல்லுங்கப்பா. அப்பன் பேரு, ஊரு, நெலத்துக்கு நாலு பக்கமும் என்ன இருக்கு, எல்லாம் சொந்தமாவே இருக்கட்டும். அப்பத்தான் நடிப்பு இயல்பா வரும்" என்றேன்.

முப்பத்தொரு பேருக்குப் பழைய நோட்டீஸின் பின்பக்கத்தை நீட்டினேன். ஒன்பது பேருக்கு மட்டும், ஊர்க் கணக்குப் பார்க்கும் கர்ணம் எழுதிக் கொடுத்திருந்த நிஜ முத்திரைத்தாள். கொட்டகை ஒரே சிரிப்பாக இருந்தது. செல்லதுரை என்றொருவன், தன் முறை முடிந்ததும் போகாமல் நின்று எல்லோரையும் கிண்டல் செய்துகொண்டிருந்தான். "அண்ணே, மிராசு மின்னாடி நிக்கிற மாதிரி நில்லுங்கண்ணே. மாமியா வூட்டுக்கு வந்த மாதிரில்ல நிக்கிறீங்க!" அவனே பத்து நிமிஷத்துக்கு முன்னால் நிஜத் தாளில் விரல் வைத்தவன்.

ஏழாவதாக முருகையன் வந்தான். இரண்டு மா நிலம் உழுதுகொண்டிருந்தவன். நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது வார்த்தைக்குத் திரும்பிவிட்டேன்.

"அய்யா, எங்கப்பன் பொணம் போன வரப்புங்க இது. நான் போற வரைக்குமாவது விட்டு வைய்யிங்க."

அது நான் எழுதிய வசனமில்லை. கொட்டகையில் ஒரு சத்தமில்லை. அவன் பெண்சாதி காளியம்மாள் மட்டும் முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தாள். "வூட்டுல கேட்டாக்கூட வாயத் தொறக்காது. இங்க வந்து பாரு!" அவள் இடுப்பில் மூன்று வயசுப் பிள்ளை ஒன்று இருந்தது. அது நீதான், செவ்வந்தி.

உன் அப்பா தாளைத் திருப்பிப் பார்த்தான். "முத்திரையெல்லாம் இருக்கேம்மா. நெசப் பத்திரமாட்டமே இருக்கு."

"நெசமாட்டம் இருந்தாத்தாம்ப்பா மேடையில எடுபடும்" என்றேன்.

சிரித்துக்கொண்டே விரலை நீட்டினான். அழுத்தத் தெரியவில்லை. ரேகை கலைந்துவிடக் கூடாதென்று நானே அந்தப் பெருவிரலைப் பிடித்து மையில் தோய்த்து, இடமிருந்து வலமாக உருட்டினேன். கீழே சாட்சி என்று என் பேரை எழுதினேன். எல்லோரும் கைதட்டினார்கள். அவர்களைப் பார்த்து நீயும் தட்டினாய்.

ஆனியில் வாய்க்காலில் தண்ணீர் வந்தது. ஒன்பது பேரும் ஏர் ஓட்டிக்கொண்டு போனார்கள். வரப்பில் போலீஸ் நின்றது, பத்திரத்தைக் காட்டியது.

விசாரணைக்கு நானும் போனேன். "அது நாடகமுங்க, பார்ட்டுக்கு ஆள் எடுத்தாங்க" என்று உன் அப்பா அதிகாரியிடம் மன்றாடினான். அவர் என்னைப் பார்த்தார். என் நாடகத்தில் அப்படி ஒரு காட்சியே இல்லை என்றேன். அன்று காலையிலேயே நோட்டிலிருந்து அந்தப் பக்கங்களைக் கிழித்திருந்தேன்; ஆகவே நான் சொன்னது பொய்யில்லை. அதிகாரி சிரித்துவிட்டார். "இப்பக்கூட நல்லாத்தான்யா நடிக்கிறே."

ஐப்பசி மழையில் உன் அப்பா என் வாசலுக்கு வந்தான். பஞ்சநதம் நிலத்தில் கூலிக்குக்கூட அவனைச் சேர்க்கவில்லை. "நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதும்மா" என்றான். அந்த வார்த்தையை நான் சொல்லவில்லை. ஒரு மரக்கால் அரிசி கொடுத்தேன், கதாநாயகன் பார்ட்டைக் கொடுத்தேன். முதல் காட்சி போனாலும் கடைசிக் காட்சியை நான் வைத்திருந்தேன். அந்தக் குரலை விட எனக்கு மனசில்லை. நீ பசியில் அழுதுகொண்டிருந்தாய் போலிருக்கிறது. ஒப்புக்கொண்டான்.

தையில் நாடக வரிசை தொடங்கியது. மற்ற நாலு நாடகமும் சுமார்தான். குடியானவன் கதைக்குப் பேரளம், கொல்லுமாங்குடியிலிருந்தெல்லாம் வண்டி கட்டி வந்தார்கள். பதினொரு முறை உன் அப்பா மேடையில் தன் நிலத்தைத் திரும்ப வாங்கினான்.

பன்னிரண்டாவது ஆட்டம் கடைசி ஆட்டம். பத்திரத்தைக் கிழிக்க வேண்டிய இடத்தில் கிழிக்காமல் நின்றான். நான் எடுத்துவிட்ட முதல் காட்சியை முழுக்கப் பேசினான், ஒரு சொல் விடாமல். பிறகு பெருவிரலை ஜனங்களுக்கு நீட்டினான்.

"இந்த வெரல மையில தோச்சது ஆனந்தவல்லி அம்மா. எங்க நெலம் அப்படித்தான் போச்சு. இது நாடகமில்லீங்க."

நான் மிராசுதாருக்குத் தாயார் வேஷத்தில் பக்கப் படுதாவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். இரண்டு மூச்சு விட நேரம் இருந்தது. மேடைக்குப் போய் அவன் காலில் விழுந்தேன். "ஆமாம்ப்பா, நாந்தான் ஏமாத்தினேன். ஒம்பது குடும்பத்தத் தெருவுல விட்ட பாவி நாந்தான்" என்று கதறினேன். நிஜக் கண்ணீர் வந்தது. கொட்டகை எழுந்து நின்றது, விசில், கைதட்டல். பஞ்சநதம் முன்வரிசையிலிருந்து ஏறி வந்து எங்கள் இருவருக்கும் மாலை போட்டார். உன் அப்பா மாலையோடு நின்று வாயைத் திறந்து திறந்து மூடினான். அவ்வளவு நல்ல நடிப்பை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை.

மறுநாள் நீங்கள் உப்பளத்துக்குப் போய்விட்டீர்கள். உப்பில் நின்று நின்று அவன் விரலில் ரேகையே இல்லை என்று வந்ததும் சொன்னாய்.

சரி, அந்தக் காகிதம். 'நான் ஏமாற்றினேன்' என்று எழுதி, கீழே எனக்கு இடம் விட்டிருக்கிறாய். அந்த நிலத்துக் கேஸ் இத்தனை வருஷமாகியும் இன்னும் கோர்ட்டில் இருக்கிறது, அப்பா படுக்கையில் இருக்கிறார், ஒரு கையெழுத்துப் போதும் என்கிறாய். போட மாட்டேன், கண்ணு. ஊர் முழுக்கப் பார்க்கக் காலில் விழுந்து ஒப்புக்கொண்டவள் நான். அதற்குமேல் ஒரு காகிதம் என்ன சொல்லிவிடப் போகிறது? என் பேரில் ஒரு பிடி மண் இல்லை. எடுத்தது பஞ்சநதம், நான் கொடுத்தவள். பதினொரு நாள் உன் அப்பாவுக்கு அவன் நிலத்தைக் கொடுத்தேன். சட்டம் ஒரு நாளாவது கொடுத்ததா? வெளியே போய் இதையெல்லாம் சொல், தடுக்க மாட்டேன். நாடகக்காரி கதை சொன்னாள் என்பார்கள். நன்றாகச் சொன்னாளா என்று கேட்பார்கள்.

மோரை வைத்துவிட்டாயே. குடி, பஸ்ஸுக்கு நேரமிருக்கிறது. உன் வீட்டில் அடுப்பு ஒரு வேளையும் அணையாமல் இருக்கட்டும். உன் பிள்ளைகள் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போடட்டும். அவர்களில் ஒருத்தனுக்காவது உன் அப்பாவின் குரல் வாய்க்கட்டும். வாய்த்தால் ஒரு நாள் கூட்டிக்கொண்டு வா. நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்கிறேன், அவன் பேசட்டும்.