லேபிள் டேபிளுக்குக் கரண்ட் கொடுத்த விதம்

என் பெயர் அமுதவல்லி. வயது 34. கணவர் பெயர் குழந்தைவேல், லாரி ஓட்டுநர். எடப்பாடி மேட்டுத் தெருவில் குடியிருந்து வருகிறேன். சங்ககிரி ரோட்டில் உள்ள துண்டு, போர்வை குடோனில் பேக்கிங் வேலை செய்கிறேன். என் தங்கை மலர்விழி அதே குடோனில் லேபிள் டேபிளில் இருந்தாள். நான் தன்னைக் கரண்ட் வைத்துக் கொல்லப் பார்த்ததாக குடோன் மேனேஜர் சந்தோஷ்குமார் கொடுத்த புகாரின் பேரில் என்னை அழைத்து விசாரிக்க, போலீஸ் ஸ்டேஷனில் ஏட்டம்மா முன்பு இதைச் சொல்கிறேன். சொன்னதைச் சொன்னபடி எழுதுங்க, மெருகு பூச வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.

லேபிள் டேபிள் என்பது இரும்பு டேபிள். அதன் மேல் கம்ப்யூட்டர், லேபிள் அடிக்கும் மிஷின், எடை மிஷின் எல்லாம் இருக்கும். தீபாவளி ஆர்டர் குவிந்ததும் அதைச் சுவர் ஓரத்திலிருந்து தூக்கி நடுக் குடோனில் போட்டார்கள். அங்கே பிளக் கிடையாது. மேலே பைப் போட்டு ஒயரை இறக்கித் தருகிறேன் என்று எலக்ட்ரீசியன் சின்னான் சொன்னார். அதற்கு லைனை நிறுத்த வேண்டும், லாரி காத்திருக்கிறது, முடியாது என்று மேனேஜர் சொல்லிவிட்டார். நோகாமல் நோம்பி கும்பிட நினைக்கிற ஆள் அவர். அதன் பிறகு ஒயரைத் தரையோடு இழுத்து விட்டார்கள். அதன் மேலேதான் துணிப் பேல் ஏற்றிய தள்ளுவண்டி நாள் முழுக்கப் போகும், வரும். சக்கரம் ஏறி ஏறி ஒயர் நசுங்கிப் போனது. நசுங்கின இடத்தில் லாரி டியூபை வார் வாராக அறுத்துச் சுற்றினார்கள். எங்கள் பக்கம் எது பிய்ந்தாலும் லாரி டியூப்தான். கட்டில் கால், தண்ணிக் குழாய், வாளிப் பிடி எல்லாவற்றுக்கும் அதுதான் வைத்தியம். கரண்டுக்கும் அதையே செய்தார்கள்.

அதன் பிறகு ட்ரிப்பர் ஓயாமல் விழ ஆரம்பித்தது. கரண்ட் கசிந்தால் தானாக லைனை அணைக்கிற சாமான் அது. விழும்போதெல்லாம் லேபிள் நின்றுபோகும், டிரைவர்கள் வாசலில் நின்று கத்துவார்கள். "ஒயரை மாத்தோணுமுங்க" என்று சின்னான் சொன்னார். மேனேஜர் ஒயரை மாற்றவில்லை. ட்ரிப்பரை ஒதுக்கிவிட்டு நேராக லைன் கொடு என்றார். சின்னான் மாட்டேனென்று வேலையை விட்டே போய்விட்டார். அதன் பிறகு மேனேஜரே ஸ்டூல் போட்டு ஏறி நேராக இழுத்துக் கொடுத்தார். தரையில் கிடந்த பழைய பிளக் பாக்ஸில் ரெண்டு ஓட்டைதான் என்று பிளக்கின் எர்த்து முள்ளையும் ஒடித்துப் போட்டார். நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

அதற்கடுத்த வாரம் ஒரு நாள் காலையில் மலர் ஒரு கையை டேபிளில் ஊன்றி, மறு கையால் இரும்பு ரேக்கில் இருந்த பண்டலை இழுத்தாள். கரண்ட் அப்படியே பிடித்துக்கொண்டது. கத்தக்கூட முடியவில்லை, பல் மட்டும் அடித்துக்கொண்டது. பக்கத்தில் இருந்த பிரபா என்ற பெண் விளக்குமாற்றுக் கட்டையால் அடித்துப் பிரித்துவிட்டாள். அதன் பிறகு சேலம் பெரியாஸ்பத்திரியில் சேர்த்தோம். வலது கையில் ரெண்டு விரலை எடுத்துவிட்டார்கள். நான்தான் சோறு பிசைந்து ஊட்டுகிறேன். "அக்கா, இனி எனக்கு நீதான் தலை பின்னி உடோணும்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும், மேனேஜரை விடுவதில்லை என்று அங்கேயே முடிவு செய்தேன்.

விசாரித்தவர்களிடம் எல்லாம் மேனேஜர், அந்தப் பெண் டிபன் பாக்ஸ் கழுவின ஈரக் கையோடு வந்து தொட்டாள் என்று சொன்னார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

அதன் பிறகு நேற்று காலை வேலைக்குப் போனேன். அதே டேபிள், அதே ஒயர். நாற்காலிக்கு அடியில் மட்டும் லாரி டியூபை வெட்டி விரித்திருந்தார்கள். மேனேஜர் பிரபாவை அங்கே உட்காரச் சொன்னார். "அக்கா, எம் புள்ள இன்னும் பால்குடி மறக்கலீங்கக்கா" என்று அவள் என் கையைப் பிடித்தாள். கொஞ்சம் இரு சாமி என்று சொல்லிவிட்டு நான் பின்பக்கம் போய் வந்தேன். அதன் பிறகு மேனேஜரிடம், "ஈரக் கைதான் காரணம்னீங்க. உங்க கை காஞ்சுதானுங்க இருக்குது? ஒரு கையில டேபிளையும் ஒரு கையில ரேக்கையும் புடிங்க. அப்புறம் பிரபா உட்காருவா" என்றேன். லோடு ஆட்கள் வண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். வேலையைப் பாரு என்று அவர் சிரித்தார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்து டேபிள் பக்கம் இழுத்தேன். ஒரு சாண் இருக்கும்போது, "விடுடி, ட்ரிப்பர் இல்லடி, எர்த்து இல்லடி, தொட்டா செத்துருவேன்டி" என்று குடோனே அதிரக் கத்தினார். விட்டுவிட்டேன். தரையில் உட்கார்ந்தவரின் பேண்ட் நனைந்திருந்ததை எல்லோரும் பார்த்தார்கள். எனக்குக் குளுகுளுவென்று இருந்தது, அதை மறைக்க மாட்டேன்.

அதன் பிறகு அவர் இங்கே வந்து புகார் கொடுத்தார். அதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். ட்ரிப்பரும் எர்த்தும் இல்லாத, தொட்டால் உயிர் போகிற டேபிள் என்று எனக்குத் தெரிந்திருந்தும் தன்னை அதில் தள்ளப் பார்த்தேன் என்று அவரே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். தவளை தன் வாயால் கெட்டது.

கொல்லும் எண்ணம் இருந்ததா என்று கேட்டதற்கு, அந்த லைனின் பியூஸ் கட்டையை என் பையிலிருந்து எடுத்து ஏட்டம்மா மேஜையில் வைத்தேன். பின்பக்கம் போனபோது மெயின் போர்டிலிருந்து பிடுங்கியது. நான் கையைப் பிடித்து இழுத்த நேரத்தில் டேபிளில் ஒரு பொட்டுக் கரண்ட் கிடையாது. மிஷின்களை இன்னும் போடாததால் அப்போது யாருக்கும் தெரியவில்லை. இதை நேற்றே ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்கள். சொல்லியிருந்தால் அவர் புகாரை வேறு மாதிரி எழுதியிருப்பார். கையெழுத்து விழட்டும் என்று வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

மேனேஜர் இப்போது வெளியே நிற்கிறார், புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்று ஆள் அனுப்பியிருக்கிறார். அதைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

இதை ஏட்டம்மா எனக்கு வாசித்துக் காட்டினார். நான் சொன்னதும் நடந்ததும் இதுதான், கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

(ஒப்பம்) கு. அமுதவல்லி