கண்ணோரக் கோடு

என் மகள் சுசீலா சிரித்தால் அழகாக இருப்பாள். நீங்கள் கேட்ட கேள்விகளில் இது இல்லை. இருந்தாலும் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்.

ஆவடித் தொழிற்சாலையில் சார்ஜ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பூர்வீகம் கோவில்பட்டிப் பக்கம். எங்கள் குடும்பத்தில் யாரும் சொன்ன சொல் மாறியதில்லை. தாயில்லாத பெண்ணை நானே வளர்த்தேன். வரன்கள் வந்தன. எதுவும் எங்களுக்கு ஈடான இடமாக இல்லை. மரியாதையாகத் திருப்பி அனுப்பினேன். அப்படியே அவளுக்கு முப்பத்தைந்து ஆகிவிட்டது, வரன் வருவதும் நின்றுபோனது. ஆகவே இருபத்தொன்பது என்று சொன்னேன். எங்கள் காலனியில் எல்லாரும் ஆளுக்கொரு ஊர். அவள் பிறந்த வருஷம் யாருக்குத் தெரியும்?

ஆவணியில் காட்டுப்பாக்கத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். பையன் பார்த்தசாரதிக்கு பாங்கில் வேலை. சுசீலா அவனுக்குக் காபி நீட்டியபோது ஏதோ சிரித்தாள். அவன் தாயார் வரலட்சுமி அந்தச் சிரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பொண்ணு லட்சணமாத்தான் கீது. சிரிச்சா மட்டும் கண்ணோரம் கோடு வுழுது. இருபத்தொம்போதுனுதானே சொன்னீங்க, அண்ணே?”

“தினம் ரயில்ல வேலைக்குப் போற பொண்ணு. வெயில் படுதுல்லா.”

“வெயிலு எங்களையும்தான் சுடுது. தை பொறக்கட்டும், இன்னொரு தபா வந்து பாக்குறோம்.”

அவர்கள் போனதும், இனிமேல் சிரிக்க வேண்டாம் என்று சுசீலாவிடம் சொன்னேன். சரிப்பா என்றாள். அதன் பிறகு அவள் சிரித்து நான் பார்க்கவில்லை.

திருமழிசையில் ஒரு ஷெட்டில் தேவராஜ் என்பவன் முகக் க்ரீம் தயாரித்தான். முன்பு என்னிடம் வேலை பழகியவன். டப்பாவின் மேல் குங்குமப்பூவும் கற்றாழையும் படமாக இருந்தன. உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டேன்.

“பூவெல்லாம் வாசனைக்கு, நைனா. வேலை செய்றது பாதரச உப்பு. மூஞ்சி வெளுக்கும், கோடு மறையும், பத்து வயசு கொறைஞ்சிடும்.”

“உன் வீட்டுல பூசுறாங்களா?”

“எம் பொண்டாட்டியா? அவளோட பழைய மூஞ்சியே எனக்குப் போதும், நைனா” என்று சிரித்தான்.

பாதரசம் எனக்குப் புதிதல்ல. தொழிற்சாலையில் வெப்பமானி உடைந்து அது சிந்தினால், கையால் தொடாதே என்று பையன்களை அதட்டியவன் நான். டப்பாவை வாங்கிக்கொண்டு வந்தேன்.

தினமும் காலையில் என் முன்னால் உட்கார்ந்து பூசிக்கொள்வாள். முகம் வெளுத்தது. ஐப்பசி கடைசியில் கன்னமும் இமையும் மெல்ல உப்பின. கண்ணோரக் கோடு இருந்த இடமே தெரியவில்லை. எனக்கு மனம் நிறைந்திருந்தது. பிறகு கால்களும் வீங்கின. விரல்கள் நடுங்கின. டம்ளரைத் தவறவிட்டாள்.

“அப்பா, இது வேண்டாமே. உடம்பை என்னமோ பண்ணுது.”

“தை வரைக்கும் பொறுத்துக்க, தாயி.”

பொறுத்துக்கொண்டாள்.

மார்கழியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சிறுநீரகம் கெட்டுவிட்டது, எதனால் என்று பிடிபடவில்லை என்றார் டாக்டரம்மா. முகத்துக்கு ஏதாவது பூசுகிறாளா என்று கேட்டார். சேதி கேட்டு வந்திருந்த வரலட்சுமி பக்கத்திலேயே நின்றாள்.

“எங்க குடும்பத்துல அந்தப் பழக்கமெல்லாம் கிடையாது” என்றேன்.

மறுநாள் டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு மறுபடி கேட்டார். ஒரு முறை சொல்லியாகிவிட்டது. அதையே சொன்னேன். திரும்பி வந்தபோது சுசீலா என்னைப் பார்த்தபடி படுத்திருந்தாள். அவளும் யாரிடமும் சொல்லவில்லை. என் வளர்ப்பு அப்படி.

காட்டுப்பாக்கத்துக்காரர்கள் எந்நேரமும் பார்க்க வரலாம். அவளால் கையைத் தூக்க முடியவில்லை. அதனால் காலையில் ஈரத்துண்டால் முகத்தைத் துடைத்து நானே பூசிவிட்டேன். கண்ணை மூடிக்கொள்வாள். சின்ன வயதில் பவுடர் போடும்போதும் அப்படித்தான் மூடிக்கொள்வாள்.

தை பிறக்கும் முன்பே போய்விட்டாள்.

சுடுகாட்டில் பார்த்தசாரதி என் பக்கத்தில் வந்து நின்றான். “சார், அவங்க வயசு எனக்குத் தெரியும். காபி குடுக்கும்போதே மெதுவா சொல்லிட்டாங்க. எனக்கு முப்பத்தாறு, பரவாயில்லைன்னேன். அதுக்குத்தான் சிரிச்சாங்க.”

வீட்டு விஷயத்தை என்னைக் கேட்காமல் அவள் வெளியே சொன்னது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அதை நான் மன்னித்துவிட்டேன்.

அவன்தான் உங்கள் ஸ்டேஷனில் புகார் மனு கொடுத்திருக்கிறான் என்று அறிகிறேன். நல்ல பையன். தேவராஜை அதிகம் விரட்ட வேண்டாம். என்ன சரக்கு என்று சொல்லித்தான் கொடுத்தான். தெரிந்து வாங்கியவன் நான். பூசியது என் கை. டாக்டர் கேட்டபோது மறைத்தது என் வாய். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

வயதை மட்டும் இருபத்தொன்பது என்றே எழுதுங்கள். கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியிலும் அப்படித்தான் போட்டேன். கூடத்தில் கிடத்தியிருந்தபோது காலனியே வந்து பார்த்தது. முகத்தில் ஒரு கோடு இல்லை. யாருக்கும் சந்தேகம் வரவில்லை.