வாசல் ரூம் மணி

— கட்டு மேல கட்டா அடுக்கி வெச்சிருக்கேன், நீயே பாரு பீமாராவு. ஒரு கொரியர்காரனாச்சும் இந்த வாசல்ல வந்து நின்னானா?

— நம்ம தெரு மேப்புல சரியா காட்டாது ஜெயஸ்ரீக்கா. கோட்டைக்குப் போற ரோட்டுல எங்கனா தேடிட்டு இருப்பான்.

— டேய், ரெண்டு வீடு தள்ளி தேவேந்திரன் கடைக்கு அன்னாடம் வரான்டா. மொதல்ல அந்த லாப்டாப்ப தொற. கூடப் பொறந்தவன்னுதான உன்ன நம்பி எல்லாத்தையும் உட்டேன்.

— பாக்கறேன், பாக்கறேன். சிம்பிளா ஏதாச்சும் இருக்கும்.

— மணி அடிக்குது, ஆர்டர் வருது, பேரு ஊரு எல்லாம் வருது. எடுத்துட்டுப் போகத்தான் ஆளக் காணோம். இன்னாடா, உன் மூஞ்சி போற போக்கே சரியில்ல?

— க்கா... கொஞ்சம் உக்காரு.

— நின்னுக்கிட்டே கேக்குறேன். சொல்லு.

— அந்த ஆன்லைன் சந்தைகூட நம்ம கம்ப்யூட்டர் பேசணும்னா ஏபிஐன்னு ஒரு வழி இருக்குது. அத நானே மொதல்லருந்து எழுதினா மாசக் கணக்காவும். அதான் யாரோ ரெடிமேடா எழுதி வெச்ச புரோகிராமு, லைப்ரரிம்பாங்க, அதுல ஒண்ண எடுத்து மாட்டினேன். சரக்கு ஏத்தறது, ஆர்டர் வந்தா மணி அடிக்கிறது, கொரியர கூப்டறது, எல்லாம் அதுவே பாத்துக்கும்.

— பாத்துக்குதே. அப்புறம் இன்னா?

— அதுல ரெண்டு கதவுக்கா. ஒண்ணு நெசச் சந்தைக்குப் போவும். இன்னொண்ணு டெஸ்டு. ஒத்திகைக்குன்னு அவங்களே பொய்யா ஒரு சந்த வெச்சிருக்காங்க. அங்க பொய் ஆளுங்க பொய்யா வாங்குவாங்க. வேல ஒழுங்கா நடக்குதான்னு பாத்துட்டு, நாம ஒரே ஒரு வரிய மாத்தணும். சிம்பிள்.

— மாத்தினியா?

— இரு, இந்த சார்ஜர் ஒயர சரியா சொருவிக்கறேன்.

— பீமாராவு.

— அன்னிக்கு அமாவாசைக்கா. மலையனூர் ஸ்பெஷல் பஸ்ஸு கெளம்பப் போவுதுன்னு பசங்க போன் மேல போன். வந்து மாத்திக்கலாம்னு ஓடிட்டேன். அம்மன் ஊஞ்சல் பாத்துட்டு வந்து படுத்தவன், சுத்தமா மறந்துட்டேன்.

— அப்ப இது அத்தினியும்? குங்குமம், மஞ்சக்கயிறு, கறுப்பு வளையலுன்னு ஒவ்வொரு அமாவாசை பூசை செட்டா கட்டி, பேரு ஒட்டினேனேடா. கோயமுத்தூர்ல ஒரு அம்மா...

— அந்த அம்மா இல்லக்கா.

— அவங்களுக்கு வளையலு ஒடையக்கூடாதுன்னு துணி சுத்தி வெச்சேன்.

— அப்படி ஒருத்தரே இல்லக்கா. நெசச் சந்தையில நம்ம கட இன்னும் தொறக்கவே இல்ல. என்னத் திட்டிடு.

— உன்னத் திட்டி இன்னா ஆவப்போவுது? சாயங்காலம் வளவன் வரான், டேப்பு எடுத்துக்கிட்டு. இந்த வாசல் ரூம அளவெடுத்து ஃப்ளெக்ஸ் மிஷின் போடப் போறானாம்.

— உன் கொழுந்தனா? அத்த எப்படி ஒத்துக்கிட்டாங்க?

— யாவாரம் நடந்தா ரூமு எனக்கு, நடக்கலன்னா சின்னவனுக்குன்னு சொல்லிட்டாங்க. அவன் எதிர்ல வந்து நின்னு கத்தினான்னா அவங்களால தாங்க முடியாது, அன்னிக்கு பூரா சோறு எறங்காது. இந்த மணி அடிக்க ஆரம்பிச்சப்புறம்தான் அவங்களுக்கே வாயி வந்துது. போன ஸ்பீக்கர்ல போட்டு, கேட்டுக்கடா உங்க அண்ணி யாவாரத்தன்னு அவனுக்குக் கேக்க வெச்சாங்க.

— மாமா இன்னா சொல்றாரு?

— உங்க மாமா ஒரகடத்துல ஷிஃப்டுல கெடக்காரு. அம்மா சொன்னா சரிம்பாரு. இந்த ரூமு போச்சுன்னா நானும் விடியறதுக்கு முன்னாடி கம்பெனி பஸ்ஸுக்குப் போய் நிக்கணும். அந்த பஸ்ஸுல ஏறி எறங்கினதெல்லாம் போதும்டா எனக்கு.

— க்கா, இதோ மாத்திட்டேன். இனிமே நெசக் கதவுதான். சரக்கும் ஏறிடுச்சு. அடுத்த அமாவாசைக்குள்ள நெசமாவே ஆர்டர் வரும் பாரு.

— அதுவரைக்கும்?

— அதுவரைக்கும் மணி அடிக்காது.

— திரும்பி மாத்து.

— எத?

— பொய்க் கதவுக்கே மாத்துடா. இன்னிக்கு ஒரு சாயங்காலம். அவன் வந்துட்டுப் போற வரைக்கும்.

— தெரிஞ்சே அத்தைய ஏமாத்தச் சொல்றியா? தெரியாம நடந்தது வேற. என் தப்பு, நானே அவங்ககிட்ட சொல்லிடறேன்.

— நீ சொல்லிட்டு உன் ஊரு தொண்டூருக்கு வண்டிய எடுத்துட்டுப் போயிடுவ. நான்தான இந்த வீட்ல இருக்கணும்? பயமா இருக்குதுடா எனக்கு.

— ஏம்மே ஜெயஸ்ரீ, இன்னா ரொம்ப நேரமா மணி சத்தத்தையே காணோம்?

— ஒண்ணுமில்ல அத்த. கரண்டு...

— ஃபேன் ஓடுதே, கரண்டு இல்லாமயா? அட, பீமாராவு. எப்ப வந்த சாமி, சாப்டியா?

— சாப்பாடு இருக்கட்டும் அத்த. ஒண்ணு சொல்லணும். அக்கா மேல எதுவும் இல்ல, தப்பு என்னுதுதான். அந்த மணி, ஆர்டர் எல்லாமே பொய்யி. ஒத்திகைக்கு வெச்சத நான் மாத்த மறந்துட்டேன். ஒரு செட்டு கூட விக்கல.

— சத்தியமா எனக்கே இப்பத்தான் தெரியும் அத்த. நீங்க சொன்ன சொல்ல நான் மீற மாட்டேன். ரூம காலி பண்ணிக் குடுத்துடறேன்.

— பைக்கு சத்தம் கேக்குது ஜெயஸ்ரீ. சின்னவன்தான்.

— நீங்களே அவங்கிட்ட சொல்லிடுங்க அத்த. என்னால முடியாது.

— நான் இன்னாத்த சொல்றது? மலையனூர்ல இத்தினி வருசமா குங்குமக் கட போட்டவ நான், அமாவாசை முடிஞ்ச மறுநாளே மணி அடிச்சுதே, அன்னிக்கு எவ பூசை செட்டு வாங்குவா? பொய்யின்னு அன்னிக்கே தெரியும் எனக்கு. பேசாம பழைய மணியவே அடிக்க உடு சாமி, அவன் செருப்ப கழட்டுறான்.