விற்பதற்கான காரணம்

எந்தப் பொருளையும் விற்கும் முன்பு ஈரத்துணியால் நன்றாகத் துடைத்துவிட வேண்டும், இன்ஸ்பெக்டர் அம்மா. பாதிப் பேர் இதைச் செய்வதில்லை. தூசியோடு போட்டோ எடுத்துப் போட்டுவிட்டு, ஏலத்தில் யாருமே கேட்கவில்லை என்று புலம்புகிறார்கள். நான் துடைக்காமல் எதையும் விற்றதில்லை.

நடந்ததை என் கையாலேயே எழுதித் தரச் சொன்னீர்கள். எனக்கும் அதுதான் வசதி. வாயால் சொன்னால் எதிரே இருப்பவர்கள் நான் அழ வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள்.

என் பெயர் ராமாமணி. கணபதியில் வீடு. என் வீட்டுக்காரர் கோவிந்தராஜுலு வீட்டுக்குப் பின்னாலேயே, இரும்பை உருக்கி மண் அச்சில் வார்க்கும் பவுண்டரி வைத்திருந்தார். காலமெல்லாம் அந்த மண்தூசியைச் சுவாசித்ததில் நுரையீரல் போய்விட்டது. கடைசி இரண்டு வருஷம் அவருக்குக் கட்டிலும் ஆக்சிஜன் மெஷினும்தான். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் குழாய் வழியாக மூக்குக்குக் கொடுக்கும் மெஷின் அது. பெங்களூரில் இருக்கும் எங்கள் மகள் தேஜஸ்ரீ வாங்கிக் கொடுத்தாள். நான் பணக்கஷ்டத்தில் விற்றேன் என்று நினைத்துவிடாதீர்கள். அவள் மாதா மாதம் தவறாமல் அனுப்புகிறவள்.

பவுண்டரியை மூடிய பிறகு வீட்டில் சாமான்கள் அடைந்து கிடந்தன. அதனால்தான் இணைய ஏலத்தில் இறங்கினேன். முதலில் போட்டது சாப்பாட்டு மேசை. ராணுவ அதிகாரி என்று சொல்லிக்கொண்டு ஒருவன் பேசினான். பேச்சில் அவ்வளவு மரியாதை. பணம் அனுப்புகிறேன், இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து உங்கள் ரகசிய எண்ணைப் போடுங்கள் என்றான். போட்டேன். கணக்கில் இருந்ததெல்லாம் போய்விட்டது. பணம் வாங்குகிறவர் ரகசிய எண் போடவே வேண்டியதில்லை என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை.

பணம் போனதுகூட எனக்குப் பெரிதில்லை. இவர் அதை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். வீட்டில் நாங்கள் தெலுங்குதான் பேசுவோம். என்னை மட்டம் தட்ட வேண்டுமென்றால் மட்டும் அவருக்குத் தமிழ் வந்துவிடும், வந்திருப்பவர்களுக்கும் புரிய வேண்டுமே. பால்காரர் முதல் சம்பந்தி வரைக்கும் எல்லோரிடமும், "எங்கூட்டு வியாபாரியப் பாத்தீங்களா" என்று இருமிக்கொண்டே ஆரம்பிப்பார். எனக்கு அவமானமாக இருந்தது. அப்போதுதான் முடிவு செய்தேன், இனி யாரும் என்னை ஏமாற்றக் கூடாது, நானும் யாரையும் ஏமாற்றக் கூடாது என்று.

அதன் பிறகு நான் கற்றுக்கொண்டது கொஞ்சநஞ்சமில்லை. பணம் போட்டுவிட்டேன் என்று அனுப்பும் படத்தை நம்பமாட்டேன். பேங்க் ஆப்பைத் திறந்து என் கண்ணால் பார்த்த பிறகுதான் பொருள் வாசலைத் தாண்டும். தவறிப்போய் அதிகமாக அனுப்பிவிட்டேன், மிச்சத்தைத் திருப்பிப் போடுங்கள் என்பவனிடம் பேச்சையே வளர்க்கமாட்டேன். பொருளில் கீறல் இருந்தால் அந்தக் கீறலையும் போட்டோ எடுத்துப் போடுவேன். விளம்பரத்தில் 'விற்பதற்கான காரணம்' என்று ஓர் இடம் உண்டு. மற்றவர்கள் அதில் எதையாவது கிறுக்கி வைப்பார்கள். நான் உள்ளதை மட்டும்தான் எழுதுவேன். அன்னூரிலிருந்து தாராபுரம் வரைக்கும், ராமாமணி அம்மா பொருள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கினார்கள். இத்தனை வயதில் எனக்கென்று கிடைத்த மரியாதை அது ஒன்றுதான்.

அதனால் விற்றுக்கொண்டே இருந்தேன். பீரோ, சோபா, அவருடைய ஸ்கூட்டர், கைக்கடிகாரம். கட்டிலில் படுத்தபடி அவர் ஒவ்வொன்றும் வெளியே போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்காலிகளும் போன அன்று கேட்டார்.

"இன்னும் என்ன ராமாமணி இருக்குது, விக்கறதுக்கு?"

அப்போது என் மனதில் எதுவும் இல்லை.

போன மாதம் டாக்டர் வந்து பார்த்துவிட்டு என்னை வாசலுக்கு அழைத்தார். இந்த வாரம் தாண்டாது, சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்றார். மகளுக்குச் சொன்னேன். மெஷினையும் ஏலத்தில் போட்டேன். ஏலம் முடிய ஒரு வாரம் ஆகும், அதற்குள் இவர் காலமும் முடிந்துவிடும் என்பது என் கணக்கு. விற்பதற்கான காரணம் என்ற இடத்தில், 'உபயோகித்தவர் காலமாகிவிட்டார்' என்று எழுதினேன். எழுதிய நேரத்தில் அது கொஞ்சம் முந்திக்கொண்ட செய்தி, அவ்வளவுதான்.

தாராபுரத்து உமர் பாரூக் என்பவர் அவருடைய அம்மாவுக்காக ஏலத்தில் எடுத்தார். நாணயமான மனிதர். சொன்னபடி பணம் போட்டார், ஆப்பில் பார்த்தேன், வந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வருவதாகச் சொன்னவர், தானாகவே இன்னொன்றும் சொன்னார்.

"துக்கம் நடந்த ஊடுங்க. காரியமெல்லாம் முடியட்டும்னாலும் பொறவு வாரேனுங்க. எங்கம்மா இன்னும் ஆஸ்பத்திரியிலதான் இருக்கறாங்க, அவசரமில்லீங்க."

அவர் எனக்கு வழி விட்டார் என்பதை நான் மறைக்கவில்லை. இங்கே ஒன்றும் பாக்கியில்லை, வாருங்கள் என்றேன்.

ஆனால் இவர் தேறிக்கொண்டார். புது மாத்திரை என்ன செய்ததோ, வெள்ளிக்கிழமை கஞ்சி கேட்டு வாங்கிக் குடித்தார். மறுநாள் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் சமையலறையில் இருந்தபோது, கட்டிலோரம் வைத்திருந்த என் போனை எடுத்து அந்த விளம்பரத்தைப் படித்திருக்கிறார். நான் உள்ளே போனபோது சிரித்துக்கொண்டிருந்தார்.

"உசுரோட இருக்கறவனச் செத்துப்போனான்னு போட்டு ஏலம் உட்டிருக்கற. அந்த மிலிட்டரிக்காரனுக்கும் உனக்கும் என்ன வித்தியாசம்? வாங்கறவன் வரட்டும், நானே சொல்லிப்போடறேன்."

தமிழில்தான் சொன்னார். செத்துப்போனதாக எழுதியது அவருக்குப் பெரிதாகப் படவில்லை. நான் ஏமாற்றுக்காரி ஆகிவிட்டேன் என்பதுதான் அவருக்கு வேடிக்கையாக இருந்தது. உமர் பாரூக் அப்போதுதான் பல்லடம் தாண்டிவிட்டதாகப் போன் செய்திருந்தார். பணத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கலாமே என்று நேற்று கேட்டீர்கள். கொடுத்திருக்கலாம். ஆனால் நான் எழுதியது பொய்யாகவே நின்றிருக்கும்.

மெஷினை அணைத்தேன். குழாயை அவர் மூக்கிலிருந்து எடுத்தேன். விளையாட்டு என்று நினைத்திருப்பார் போல, முதலில் சிரித்தபடியே இருந்தார். பிறகு கையை நீட்டினார். நான் தரையில் உட்கார்ந்து மெஷினைத் துடைக்க ஆரம்பித்தேன். காற்று இழுக்கும் சல்லடையில் நிறைய அழுக்கு இருந்தது. ராமாமணி, ராமாமணி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். துடைத்து முடித்தபோது கூப்பிடவில்லை.

பணம் கொடுக்கல் வாங்கலில் இருக்கும் எல்லா மோசடியும் எனக்கு அத்துப்படி. துக்கம் விசாரிக்க வருவார்கள் என்பதைத்தான் யோசிக்கவில்லை. மெஷினை வாசல்படியிலேயே தயாராக வைத்திருந்தேன். உமர் பாரூக் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக உள்ளே வந்தார். இறந்தவர் வீட்டுப் பொருளை ஒரு வார்த்தை விசாரிக்காமல் தூக்கிக்கொண்டு போவது முறையில்லை என்றார். படம் எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். படம் இல்லை. அவரை உட்காரச் சொல்ல நாற்காலியும் இல்லை. வீடு காலியாக இருந்ததால் உள்ளறைக் கட்டில்தான் கண்ணில் பட்டது. போனார். நெடுநேரம் நின்றார். கையைத் தொட்டுப் பார்த்தார்.

"அம்மா, உடம்பு இன்னும் சூடா இருக்குதுங்க," என்றார், என்னைத் திரும்பிப் பார்க்காமலே.

மெஷினை அவர் எடுத்துப் போகவில்லை. பணத்தை அன்றைக்கே திருப்பி அனுப்பிவிட்டேன், வந்துவிட்டதா என்று ஆப்பைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். குழாயை எடுத்தது நான்தான். என்ன ஆகும் என்று தெரிந்துதான் எடுத்தேன். தேஜஸ்ரீ என்னோடு பேசுவதில்லை, அது அவள் இஷ்டம். நீங்கள் எந்தப் பிரிவில் வழக்குப் போட்டாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் உமர் பாரூக் கொடுத்த புகாரில், பொய் விளம்பரம் என்று ஒரு வரி இருக்கிறது. அதை மட்டும் அடித்துவிடுங்கள். அவர் வாசலில் வந்து நின்றபோது அது உண்மையாகியிருந்தது.