வெளி டீம்

கடலு கோயில் வாசப்படியத் தொட்டுட்டுப் போன காலம் அது. அந்தக் காலத்துல கல்லுமுனைன்னு ஒரு துறைமுக ஊரு. நீங்க இன்னைக்குப் பந்தாட வந்திருக்கியளே, இதே ஊருதான். அன்னைக்கு ரோட்டுக்குத் தாரு கெடையாது, தெருவுக்கு வெளக்கு கெடையாது. ஆனா கால்பந்து இருந்துது. கப்பல்ல வந்தவன் கரையில எறங்கி ஆடுனதப் பாத்து நம்மாளு புடிச்சுக்கிட்டான்னு சொல்லுவாவ.

அந்த ஊருல சந்தியாகுன்னு ஒரு ஆளு. எங்க பாட்டையாவுக்கு உடன்பொறந்த அண்ணன். தோணிக்கு மூடை ஏத்துற வேலை. நெஞ்சு கோயில் கதவு மாதிரி இருக்குமாம். நடுவுல, சென்டர் ஹாஃபுல அவரு நின்னாருன்னா எதிராளி சுத்திக்கிட்டுதான் போவணுமாம். அவருதான் கிளப்ப ஆரம்பிச்சவரு, அவருதான் கேப்டன். மொதப் பந்தையும் அவரே தோலு வாங்கித் தச்சாருன்னு ஒரு பேச்சு உண்டு. அத நான் நம்பல.

சந்தியாகுக்கு ஒரே ஆசை. லீக்குல ஆடணும். இங்கேருந்து மேக்க ஒரு பெரிய ஊரு, அங்க ஒரு லீக்கு. மில்லு டீமு, வக்கீலுமாரு டீமு, இப்படிப் பெரிய டீமா ஆடும். நம்ம டீமுக்குத் திருவிழா மேட்சு மட்டுந்தான். சோறு திங்கும்போதும் லீக்குப் பேச்சு, கோயில்ல முட்டுக் குத்துனாலும் லீக்கு வேண்டுதல். அவரு பொண்டாட்டி ரெஜினம்மா சொல்லுவாளாம், "அந்தோணியாருக்கே கேட்டுக் கேட்டுக் காது புளிச்சிருக்கும். வேற எதையாவது கேளுங்க"ன்னு.

அப்ப ஊருக்கு வெளிய, உப்பளத்து ஓரமா இருந்த அளக்குடியில வெயிலுமுத்துன்னு ஒரு பய. உப்பளத்துல உப்பு வாருறவன். உப்புல நடந்து நடந்து அவன் காலே பூட்ஸ் மாதிரி ஆயிட்டுதாம். அந்தக் காலத்துல அளக்குடி ஆளுவ நம்ம தெருவுல செருப்பு போட்டு நடக்க முடியாது, பாத்துக்கிடுங்க. நம்ம ஊரும் ஒண்ணும் லேசுப்பட்ட ஊரு இல்ல. ஆனா சந்தியாகு அவன் ஓடுறதப் பாத்துட்டாரு. கையோட கூட்டியாந்து எடது ஓரத்துல, லெஃப்ட் அவுட்டுல நிப்பாட்டிட்டாரு. டீமுல சில பேரு மொனங்குனாவ. "பந்து அவன் காலத்தான் தேடிப் போவுது, நான் என்னல செய்ய?"ன்னு சந்தியாகு கேட்டாராம்.

இப்படி இருக்கையில லீக்குலேருந்து ஆள் வந்துது. "எங்க லீக்கு டீமு ஒண்ணோட வந்து ஒரு மேட்சு ஆடுங்க. நல்லா ஆடுனா சேத்துக்கிடுவோம்." போனாவ. உப்பு லாரி மேல ஏறிப் போனாவ. ஊரே வழியனுப்பிச்சுது.

மொதப் பாதியில வெயிலுமுத்து ரெண்டு கோலு. ஒண்ணு எடது காலு, இன்னொண்ணும் எடது காலு. பெரிய ஊருக் கூட்டமே எந்திரிச்சு நின்னு கை தட்டுச்சாம்.

ஆஃப் டைம் விசிலு. மைதானத்து ஓரத்துல ஓட்டுக் கட்டடம். உள்ள பெஞ்சு, மேல பேனு, காப்பி, பன்னு. நம்மாளுவ ஏறுதாவ. வாசல்ல லீக்கு செக்ரட்டரி நிக்காரு. சந்தியாகு தோள்ல கை போட்டாரு.

"மிஸ்டர் சந்தியாகு, பிரமாதம். இந்த வருஷமே உங்களச் சேத்துக்கிறதா கமிட்டியில பேசிட்டோம்."

சந்தியாகுக்கு ஒடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சாம்.

"ஒண்ணே ஒண்ணு. அந்த உப்பளத்துப் பையன் உள்ள வர வேண்டாம். ஆடட்டும், ஆடக் கூடாதுன்னு சொல்லல. காப்பிய வெளியவே குடுத்து விடுறோம்."

சந்தியாகு அங்கனயே சீறுனாருன்னு சில பேரு சொல்லுவாவ. அது பொய்யி. சீறல. அத்தன வருசத்து ஆச, கைக்கு எட்டுற தூரத்துல நிக்குதுல்லா? வெயிலுமுத்துட்ட போனாரு. மொகத்தப் பாக்காமக் கேட்டாரு.

"ஏலே வெயிலு, கொஞ்ச நேரந்தான். அந்த லைன் பக்கம் இருந்துக்கிடுதியா?"

"அதுக்கென்ன அண்ணாச்சி. எனக்குப் பழக்கந்தான. நீங்க போயி காப்பி குடிங்க."

கோவமாச் சொல்லியிருந்தாத் தாங்கியிருப்பாரு. அவன் சிரிச்சுக்கிட்டே சொன்னான்.

சந்தியாகு உள்ள போயி பெஞ்சுல இருந்தாரு. கையில காப்பி. மேல பேனு சுத்துது. சன்னல் வழியாப் பாக்காரு. வெறும் மணல்ல, உச்சி வெயில்ல, அவன் தன் எடது கால அமுக்கி விட்டுக்கிட்டு இருக்கான். ரெண்டு கோலு போட்ட காலு வெயில்ல கெடக்கு. ஒரு கோலும் போடாத காலு பெஞ்சுல கெடக்கு. டம்ளர வச்சிட்டு எந்திரிச்சாரு.

"எங்க போறீங்க?"ன்னாரு செக்ரட்டரி.

"என் டீமு வெளிய இருக்கு. அங்க போறேன்."

"யோசிச்சுச் செய்ங்க. இப்ப வெளிய போனா லீக் கிடையாது."

சந்தியாகு நின்னாரு.

"லீக்கு ஒங்களுது, நீங்களே வச்சுக்கிடுங்க. வெயிலு எங்களுது."

சொல்லிட்டு எறங்கிட்டாரு. நேரா போயி வெயிலுமுத்து பக்கத்துல, தோளோட தோளு இடிக்க இருந்தாரு.

அவன் பதறிட்டான். "அண்ணாச்சி, என்ன காரியம் செஞ்சிய! உள்ள போங்க!"

"வாய மூடுல. ஒன்ன இங்க இருக்கச் சொன்னது என் தப்பு."

திரும்பிப் பாக்காவ, கோல் கீப்பர் கஸ்பார் வாரான். கடிச்ச பன்னத் துப்பிட்டு வந்தானாம். அவன் பின்னால ஒருத்தன். அவன் பின்னால இன்னொருத்தன். மொத்த டீமும் மணல்ல வந்து இருந்துட்டு. ஒரு கொடம் தண்ணி, ஒரே செம்பு. சந்தியாகு மொதல்ல வெயிலுமுத்துட்ட நீட்டுனாரு. அவன் வாய வச்சுக் குடிச்ச செம்புலயே எல்லாரும் வாய வச்சுக் குடிச்சாவ. மொனங்குனாவன்னு சொன்னேனே, அவியளுந்தான் குடிச்சாவ. அன்னைக்கு அது சின்ன விசயம் இல்ல.

ரெண்டாவது பாதியில விசிலெல்லாம் நமக்கு எதுத்தாப்புல ஊதுச்சு. ரெண்டு கோலு திருப்பிட்டானுவ. கடைசியில வெயிலுமுத்து லைனோட ஓடி, ரெண்டு பேர வெட்டிப் பந்தத் தூக்கிப் போட்டான். சந்தியாகு எகிறித் தலையால முட்டுனாரு. கோலு! பெரிய ஊருக் கூட்டம் நம்மாளுவளத் தோள்ல தூக்கிக்கிட்டு லாரி வரைக்கும் வந்துதாம்.

வீட்டுக்கு வந்தாரு. "லீக்கு கெடச்சுதா?"ன்னு கேட்டா ரெஜினம்மா.

"கெடைக்கல."

"தோத்துட்டியளோ?"

"செயிச்சோம்."

நடந்ததச் சொன்னாரு. ரெஜினம்மா சொன்னாளாம், "நாளைக்கு அந்தப் பயல நம்ம வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டியாங்க. நம்ம தட்டுல போடுதேன்."

லீக்குக்காரவிய நம்மள நக்கலா 'வெளி டீம்'னு கூப்பிட ஆரம்பிச்சாவ. வெளிய இருக்கவேண்டிய டீமாம். சந்தியாகு காதுக்கு அது வந்துது. விழுந்து விழுந்து சிரிச்சாராம். ரெஜினம்மாவ விட்டு அந்தப் பேரையே எல்லாச் சட்டையிலயும் தைக்கச் சொல்லிட்டாரு. அதுக்குப் பொறவு லீக்குல எடம் இல்லாத சின்ன ஊரு டீமெல்லாம் நம்மளத் தேடி வந்துது. வருசா வருசம் வருது. நீங்களும் அப்படி வந்தவியதான. சந்தியாகுக்குப் பொறவு கேப்டன் யாருங்கிய? வெயிலுமுத்து.

அதனாலதான் அய்யா, இங்க கட்டடம் இருக்கு, பேனு இருக்கு, ஆனா ஆஃப் டைமுல ஒருத்தரும் உள்ள போவ மாட்டோம். ஆடுறவன், எதுத்து ஆடுறவன், விசிலு ஊதுறவன், எல்லாரும் லைன் ஓரத்துல ஒண்ணா வெயில்ல இருப்போம். ஒரே கொடத்துத் தண்ணிதான். காலையில ஒங்க டீமுத் தம்பி ஒருத்தன் கேட்டான், சட்டையில 'வெற்றி டீம்'னு எழுதுறதுக்குத் தப்பா 'வெளி டீம்'னு எழுதிட்டாவளான்னு. தப்பு இல்ல தம்பி. சரியாத்தான் எழுதியிருக்கு.