வீங்கின பேட்டரி

காகிதமெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் தம்பி. மொதல்ல கையில இருக்கற அந்த க்ளிப்பக் கீழ வைங்க. பேட்டரியில மாட்டாதீங்க. ம், அப்படித்தான். சார்ஜரையும் செவுத்துலேருந்து பிடுங்கிடுங்க. நான் சொல்றேன்ல.

கோவிச்சுக்காதீங்க. சார்ஜ் ஏத்தி, லைட்டு எரியுதான்னு பாத்துட்டுப் படக ஒப்படைக்கலாம்னு நெனச்சீங்க, நல்ல எண்ணந்தான். ஆனா படகுல மிச்சமிருந்த இந்த ரெண்டாவது பேட்டரியோட பக்கவாட்டுல கைய வச்சுப் பாருங்க. தட்டையா இருக்கணும். தொப்ப மாதிரி தள்ளியிருக்கு பாத்தீங்களா. உள்ள ஒறஞ்சிருச்சு. இந்த நெலமையில கரன்ட விட்டீங்கன்னா உங்க அண்ணனுக்கு ஆனதுதான் உங்களுக்கும்.

உக்காருங்க. அந்தக் கவுத்துப்போட்ட சின்னப் படகு மேலயே உக்காரலாம். நீங்க பிரெமன்ல லாரி ஓட்டறீங்கன்னு உங்க அண்ணன் ஹென்ரிக் சொல்லியிருக்கான். லாரி தெனம் ஓடும், பேட்டரி அதுவா ஏறிக்கும். படகு அப்படியில்ல. அக்டோபர்ல கரையேத்தி இந்த ஷெட்டுக்குள்ள விட்டா ஏப்ரல் வரைக்கும் சும்மா கெடக்கும். சும்மா கெடந்தாலே பேட்டரி கொஞ்சங் கொஞ்சமா எறங்கும். முழுசா ஏத்தி வச்சா மைனஸ் முப்பதுலயும் ஒண்ணும் ஆவாது. காலியா விட்டா மைனஸ் பத்துலயே ஒறஞ்சு வீங்கிரும். இங்க மசூரியா ஏரிக்கரையில மைனஸ் பத்துன்னா நாங்க சட்ட பட்டனத் தொறந்து விட்டுட்டு நடப்போம்.

இருபத்திரண்டு படகு இருக்கு. கரன்ட் பாயிண்ட் ஒண்ணே ஒண்ணு. ஷெட்டுக்காரன் ரெண்டாவது தர மாட்டான், தீப்பிடிச்சிரும்னு பயம். அதனால முறை. அந்தப் பலகையில பாருங்க, ஒவ்வொருத்தன் பேருக்கும் ஒரு நாள். சிரிக்காதீங்க. இந்த முறைக்காக இங்க சிந்தின ரத்தம் உங்களுக்குத் தெரியாது. ஏரி ஒறஞ்சு கெடக்கு, வேல கெடையாது, வோட்கா இருக்கு. பேரப்புள்ள எடுத்த ஆளுங்க, ஒரு க்ளிப்புக்காகத் துடுப்பால மண்டையப் பொளந்துக்குவாங்க. தபால்காரர் லுத்விக்குக் காது பாதிதான் இருக்கும், பாத்திருப்பீங்க. அவரு மச்சான் கடிச்சது. கடிச்சத வாயிலயே வச்சுக்கிட்டு, இன்னொரு நாள் தருவியா மாட்டியான்னு கேட்டானாம்.

ஆனா ஒரு விஷயத்துல மட்டும் எவனும் வெளையாட மாட்டான். வீங்கின பேட்டரியப் பாத்தா, அது எதிரியோடதா இருந்தாலும், சாக்பீஸால மேல ஒரு பெருக்கல் குறி போட்டுடணும். குறி போட்டதுல யாரும் கரன்ட் குடுக்கக் கூடாது. அடுப்பு ரூமுக்குத் தூக்கிட்டுப் போயி ரெண்டு நாள் வச்சு, ஐஸ் எறங்கினப்புறந்தான் மத்தது. அதுக்குத்தான் எல்லார் பாக்கெட்லயும் சாக்பீஸ். சண்டையில எசகுபிசகா அடி விழுந்தா பாக்கெட்டுக்குள்ளயே மாவாயிரும், மறுநாள் வேற வாங்கிப் போட்டுக்குவோம்.

உங்க அண்ணன் திருடன். சங்கடப்படாதீங்க, கேட்டா அவனே ஒத்துக்குவான். என் முறை அன்னிக்கு நான் மாட்டிட்டு வீட்டுக்குப் போனதும் கழட்டித் தன்னுதுல மாட்டிக்குவான். காலையில நான் வர்றதுக்குள்ள திருப்பி மாட்டி வச்சிருவான். போன குளிருக்கு முந்தின குளிர்ல என்னுது அப்படித்தான் ஒறஞ்சு பொளந்துச்சு. ஆசிட் ஒழுகிப் படகோட அடிப்பலகையத் தின்னுருச்சு.

கேட்டேன். ஏழெட்டுப் பேர் நிக்கறாங்க. சிரிச்சிட்டே சொன்னான், ஏ வித்தெக், உன் பேட்டரியும் உன் பொண்டாட்டி மாதிரிதான்டா, ஒரு குளிரு தாங்கல.

யட்விகா செத்து ஒம்பது வாரம் ஆயிருந்துச்சு. நிமோனியா.

அவனுக்கு அது ஒரு ஜோக்கு. வாயில வந்துச்சு, சொல்லிட்டான். எல்லாரும் தரையப் பாத்தாங்க. ஒருத்தன் மட்டும் சிரிக்க ஆரம்பிச்சு நிறுத்திட்டான். நான் அந்த வாயிலயே குத்தினேன். முன்பல்லு ஒண்ணு என் கையில ஏறி நின்னுச்சு. அவன் படகுப் பாயோட கயித்த இழுக்கற இரும்புக் கைப்பிடிய எடுத்தான், என் கையத் தூணோட வச்சு அடிச்சான். இதோ, இந்த ரெண்டு வெரலும் மடங்காது. அப்புறம் அவன மல்லாத்திக் கழுத்துல முட்டி போட்டேன். நாலு பேர் சேந்துதான் என்னப் பிரிச்சு எடுத்தாங்க. அவன் நாக்கு வெளிய வந்துருச்சுன்னு அப்புறம் சொன்னாங்க. நான் பாக்கல.

போலீஸ் கீலீஸ் எல்லாம் இல்ல. ஈஸ்டருக்கு அவனே ஊறப்போட்ட மீனும் பாட்டிலும் எடுத்துக்கிட்டு வீட்டுக்கு வந்தான். குடிச்சோம். கட்டிப்பிடிச்சான். அன்னிக்குத் தான் என்ன சொன்னோம்ங்கறதே அவனுக்கு ஞாபகமில்ல தம்பி. க்ளிப்புக்காக அடிச்சுக்கிட்டோம்னு நெனச்சிட்டிருந்தான்.

போன பிப்ரவரி நடந்தது உங்களுக்குத் தெரியும். காலையில ஒம்பது மணி. க்ளிப்ப வச்சான், பொறி தட்டுச்சு, அவ்வளவுதான். மூடி பறந்து கூரைத் தகரத்தக் கிழிச்சிருச்சு, அதோ ஓட்ட தெரியுது பாருங்க. ரெண்டு கையாலயும் மூஞ்சியப் பொத்திக்கிட்டு நிக்கறான், வெரலுக்கு நடுவுல பொகையா வருது. கத்தவே இல்ல. அதான் பயமா இருந்துச்சு. ஆசிட்ட முறிக்கறதுக்குன்னே கதவோரம் சோடா மாவு கரைச்ச வாளி வச்சிருப்போம். அதுவும் கல்லா ஒறஞ்சு கெடக்கு. நாந்தான் இழுத்துட்டுப் போயிப் பனியில தள்ளினேன். மேல ஏறி உக்காந்து, மூஞ்சியில, கண்ணுல, அள்ளி அள்ளித் தேய்ச்சேன். கடிச்சான், ஒதைச்சான். விடல. ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் நாப்பது நிமிஷம் விடல. இல்லேன்னா மூஞ்சியே இருந்திருக்காதுன்னு டாக்டர் சொன்னாரு.

ஆமா, அதுக்குத்தான் இந்தப் பாட்டிலு, கசகசா ரொட்டி, படகை என் பேருக்கு மாத்தற காகிதம். புரியுது. கண்ணில்லாதவன் படக வச்சு என்ன பண்ணுவான்னு நீங்க கேக்கறதும் சரிதான்.

ஞாயித்துக்கிழம ஆனா போயி அவனுக்குச் சவரம் பண்ணி விடறேன். தழும்பு மேல பிளேடு நிக்காது, பாத்துப் பாத்து இழுக்கணும். ஒவ்வொரு தடவையும் கேப்பான், வித்தெக், குறி எதுவும் இல்லல்ல. இல்லடா, யாரும் கவனிக்கலம்பேன். அப்ப என் அவசரந்தான், அப்படிம்பான். உங்ககிட்டயும் அதத்தான சொன்னான்.

என்ன கேட்டீங்க? திருடித் திருடி ஏத்தினவன் பேட்டரி எப்படி ஒறஞ்சுதுன்னா? நல்ல கேள்வி. இத்தன நாள்ல யாரும் கேக்கல. ஈஸ்டருக்கு அப்புறம் அவன் திருடறத விட்டுட்டான். என் புதுப் பேட்டரி சரியா ஏறலன்னு, ஜனவரியில அவன் முறைய ரெண்டு தடவ எனக்கு விட்டுக்குடுத்தான். அதுலதான் அவனுது எறங்குச்சு.

அந்தக் காகிதத்துல நான் கையெழுத்துப் போட முடியாது. குறி இருந்துச்சு தம்பி. முந்தின நாளு நாந்தான் போட்டேன், பழக்கம், கை தானாப் போட்டுருச்சு. மறுநாள் அவன் வர்றதுக்கு அரை மணி முன்னாடி வந்து, இந்த ஸ்வெட்டர் கையாலயே அதத் தொடச்சேன். வீங்கின பக்கத்தச் செவுத்தப் பாத்துத் திருப்பி வச்சேன். அப்புறம் அடுப்புல டீக்குத் தண்ணி வச்சுட்டு, அவனுக்காகக் காத்திட்டிருந்தேன்.

எந்திரிச்சிட்டீங்க. சரி. அந்த ஸ்பேனர் போதும், கனமானது. நான் கையத் தூக்க மாட்டேன். ஆனா இங்க வேணாம், பேட்டரிக்குப் பக்கத்துல நிக்கறீங்க, இரும்பு எதுலயாவது பட்டாப் பொறி பறக்கும். கொஞ்சம் நகருங்க, மொதல்ல அதுல குறி போட்டுடறேன்.

ம். இப்ப வாங்க, வெளிய பனிக்குப் போயிடுவோம்.